போதும்பொண்ணுவைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரம்

ஊமைக்கரட்டுக்கு இண்டர்நெட் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முப்பத்தோரு வெள்ளாடுகளுக்குப் பின்னால், தோளில் தொரட்டியும் வாயில் வசவுமாக நடந்துவந்த போதும்பொண்ணுவோடு அது வந்தது.

மூன்று பக்கமும் கரடு அடைத்து நின்ற ஊர் அது. டவர் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்து அளந்துவிட்டுப் போனார்கள், மூன்றாவது தடவை ஒரு இரும்புக் கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள், அதில் காக்கை கூடு கட்டியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. குவைத்தில் இருக்கிற புருசன் முகத்தைப் பார்க்க நிறைமாதக்காரிகள் மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறினார்கள். நூறுநாள் வேலைக்கு வந்தவர்களின் போட்டோவை ஏற்றுவதற்காக மேற்பார்வைக்காரி எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போனாள், நேரம் தப்பியதால் அன்றைக்கு வெட்டிய மண்ணெல்லாம் கணக்கில் வெட்டாத மண்ணாகிப்போனது. ரேஷன் கடைக்காரன் சங்கிலி கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு எதிரே இருந்த வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அரிசி வேண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏணியில் ஏறிப் பெருவிரலை வைத்துவிட்டு இறங்குவார்கள், அதிலும் பாதி விரலை மெஷின் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மரத்தடியில் நாற்பது பேர் நின்றார்கள். இரண்டு மணி நேரமாக மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போதும்பொண்ணுவின் ஆடுகள் மரத்தைக் கடந்தபோது வட்டம் நின்றது, மெஷின் கிணுகிணுத்தது, சங்கிலி கிளையில் உட்கார்ந்தபடியே பதினேழு பேருக்குப் போட்டு முடித்தான். கடைசி ஆடு கண்மாய்க் கரையில் திரும்பியதும் மறுபடி வட்டம். வெள்ளிக்கிழமையும் அப்படியே. அடுத்த செவ்வாய்க்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. நெட் அவளைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்கு வருகிறது, அவள் நடந்தால் நடக்கிறது, உட்கார்ந்தால் உட்காருகிறது, வேறெங்கேயும் இல்லை.

யாரும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்து ஊரில் பெய்கிற மழை நம் ஊர் எல்லையில் நின்றுவிடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் எல்லாருக்கும் ஆத்திரம் வந்தது. வந்ததுதான் வந்தது, இவளிடமா வரவேண்டும்?

ஏனென்றால் போதும்பொண்ணுவை ஊர் ஒதுக்கி வைத்து அப்போது மூன்று வருசம் ஆகியிருந்தது. ஊர்த்தலைவர் தவசியின் தம்பி செல்லாண்டியின் தோட்டத்துக்குக் கரும்பு வெட்ட விழுப்புரம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் மரகதம் என்ற பெண், கையைப் பிடித்த செல்லாண்டியைக் கன்னத்தில் அறைந்தாள். அன்றைக்கு மத்தியானமே, செல்லாண்டி ஓட்டிய கரும்பு டிராக்டரின் சக்கரத்தில் கிடந்து செத்தாள். நிழலுக்காக வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டாள், தெரியாமல் ஏற்றிவிட்டான் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த போதும்பொண்ணு மட்டும், அவள் தூங்கவில்லை, நின்றுகொண்டிருந்தாள், செல்லாண்டி ஒரு தடவை ஏற்றினான், பிறகு பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றினான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. கடையில் சாமான் இல்லை, குழாயடியில் இடம் இல்லை, பஸ் அவளுக்கு நிற்கவில்லை. புருசன் செத்துப் பன்னிரண்டு வருசம் ஆனவள், பிள்ளை இல்லாதவள். நாற்பத்தாறு வயதில் பேச்சுத்துணைக்கு ஆடுகள் மட்டும். அவளிடம் இருந்த பட்டன் போன் மூன்று வருசமாக அடிக்கவே இல்லை.

சாவடியில் கூட்டம் போட்டார்கள். தவசி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஊர்க்கட்டு ஊர்க்கட்டுதான். அவகூடப் பேச்சு வார்த்த கிடையாது. ஆனா நெட்டு அவ குடுக்கிறதில்ல. அது காத்து மாதிரி. அவ நிக்கிற எடத்துல அடிக்கிற காத்தை நாம மூச்சு விடுறமா இல்லியா?"

விடுகிறோம் என்றது கூட்டம். கூட நிற்பது பேசுவது ஆகாது என்று முடிவாயிற்று.

மறுநாளிலிருந்து முப்பத்தோரு ஆடுகளுக்குப் பின்னால் போதும்பொண்ணுவும், போதும்பொண்ணுவுக்குப் பின்னால் ஊரும் போனது. குடை பிடித்துக்கொண்டு போனார்கள், பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள், கல்லூரிப் பிள்ளைகள் மடியில் லேப்டாப்போடு கள்ளிச்செடிகளுக்கு நடுவே பாடம் கேட்டார்கள், குவைத்துப் புருசன்மார் முள்ளுக்காட்டுக்குள்ளிருந்து தங்கள் குழந்தைகளைக் கொஞ்சினார்கள், ஒரு பெண் பார்க்கும் சடங்கு முழுவதும் ஓடைக்குள் நடந்து தாம்பூலம்வரை போனது. எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்கள். அவள் ஒதுங்கப் போனாலும் ஒரு கூப்பிடு தூரத்தில் நாற்பது முதுகுகள் காத்துக்கொண்டு நின்றன.

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் தொரட்டியைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"நாசமாப் போறவங்களா, மூணு வருசமா ஒரு மடக்குத் தண்ணி குடுத்தீகளா? இப்ப என் நெழலுல உக்காந்து சினிமாப் பாக்குறீகளா? ஒங்க கண்ணு அவிஞ்சு போக!"

அவள் வாய் மூடுவதற்குள், ஒரு பகல் முழுக்க இறங்கவேண்டிய சினிமா அத்தனை பேர் போனிலும் இறங்கி முடிந்திருந்தது. அதை முதலில் கவனித்தவள் தவசியின் மகள் கௌசிகா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் படிக்கக் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தவள். "அவளுக்குக் கோவம் வந்தா வேகம் கூடுதுப்பா," என்றாள் வீட்டில். அடுத்த வாரம் செவலை ஆடு ஒரே ஈற்றில் மூன்று குட்டி போட்டது. போதும்பொண்ணு மூன்றையும் மடியில் போட்டு நக்காத குறையாகத் துடைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருந்த ஒன்றரை மணி நேரமும் காட்டில் ஒரு போனிலும் உயிர் இல்லை, குவைத்துப் புருசன்மார் திறந்த வாய் திறந்தபடி உறைந்து நின்றார்கள்.

மறுபடி சாவடியில் கூட்டம். இந்தத் தடவை பேச்சு அதிகம் இல்லை. தெருவுக்கு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் போகிற தடத்தில் முள் கிடந்தது. ஒருநாள் அவள் கட்டி வைத்திருந்த தழைக்கட்டு சாணிக்குழியில் கிடந்தது. அவளோடு பேசக்கூடாது என்பதால் அவள் ஆடுகளோடு பேசினார்கள்: "ஏ ஆடே, புருசனைத் தின்னவ பின்னால போறியே, ஒன்னையும் தின்னுருவாடி." வெறுக்கத் தெரிந்தவர்கள் வெறுத்தார்கள், தெரியாதவர்களும் தங்கள் முறை வந்தபோது, கோயில் வேலைக்கு வருவதுபோலக் குளித்துவிட்டு வந்து வெறுத்தார்கள். ஹால்டிக்கெட் எடுக்கவேண்டிய வாரத்தில் செவலையின் மூன்று குட்டிகளில் ஒன்று கிணற்றில் மிதந்தது. போதும்பொண்ணு கிணற்று மேட்டில் நின்று நான்கு நாள் சாபம் விட்டாள். அந்த நான்கு நாளும் அந்த வட்டாரத்திலேயே இல்லாத வேகம் ஊமைக்கரட்டில் இருந்தது, இருபத்திரண்டு பிள்ளைகள் பரீட்சைக்கு ஹால்டிக்கெட் எடுத்து முடித்தார்கள், அவர்களைப் பெற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

ஆனி மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்ல அவள் இரண்டு தடவை டவுனுக்குக் கிளம்பினாள். இரண்டு தடவையும் பாதை மறிக்கப்பட்டது, ஆட்டுக்கிடை திறந்துவிடப்பட்டது. சாட்சி ஊரிலிருந்தே, பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து, வீடியோவில் பேசலாம் என்று நீதிபதி உத்தரவு போட்டார். இதுதான் கடைசி வாய்தா, அன்றைக்கும் சாட்சியை விசாரிக்க முடியாவிட்டால் அதோடு முடிந்தது என்றும் எழுதினார். அந்த ஊரில் நெட் எப்படி வருகிறது என்று நீதிபதிக்குத் தெரியாது.

தவசிக்குத் தெரியும். அவர் ஒருநாள் முழுக்க யோசித்தார். பிறகு தமுக்கடிப்பவரைக் கூப்பிட்டார்.

ஊர்க்கட்டு நீங்கியது என்று தெருத்தெருவாகத் தமுக்கு அடித்தது. வாய்தாவுக்கு அப்போது பத்து நாள் இருந்தது. மறுநாள் விடிந்ததும் தவசியின் மனைவி இருளாயி, கையில் தூக்குச்சட்டியோடு அவள் குடிசை வாசலில் வந்து நின்றாள்.

"போதும்பொண்ணு... எக்கா... அயிரமீன் கொழம்பு வச்சேன். ஒனக்குப் பிடிக்குமேன்னு எடுத்தாந்தேன்."

போதும்பொண்ணு படல் கதவைப் பிடித்தபடி நின்றாள். வாய் கோணியது, பிறகு தேம்பி அழுதாள். இருளாயி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஊர் முழுக்க அத்தனை போனும் செத்தது.

பத்து நாளும் பாசமழைதான். பெண்கள் அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவினார்கள், பேன் பார்த்தார்கள், பூ வைத்தார்கள். ஆண்கள் ஆட்டுக்கிடைக்குப் புது வேலி போட்டுக் கொடுத்தார்கள். தவசி ஊர் நடுவில் நின்று, "தங்கச்சி, தப்புப் பண்ணிட்டோம், மனசுல வச்சுக்கிறாத," என்று கும்பிட்டார். சங்கிலி மறுபடி வேப்பமரத்தில் ஏறினான். புருசன் முகம் பார்க்காத பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை, தலைவர் சொல்லியிருந்தார், பத்தே நாள்தான் என்று.

கௌசிகாவால் மட்டும் பொறுக்க முடியவில்லை. எந்தக் கல்லூரி வேண்டும் என்று அவள் நெட்டில் பதிந்து முடிக்கவேண்டிய கடைசி நாளும் அந்த வாய்தா நாளாகவே இருந்தது. அப்பாவிடம் கேட்டதற்கு, "சித்தப்பன் உள்ள போறதா, ஒன் சீட்டா?" என்றார். வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் நேராக ஆட்டுக்கிடைக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்தா, இவகள்லாம் நடிக்கிறாக. ஒன்னைக் குளிர வைக்கிறாக. நாளைக்கு நீ கோர்ட்டுல பேச முடியாமப் போகணும், அதுக்குத்தான். ஒனக்கு இங்க தங்கச்சியும் இல்ல, எவளும் இல்ல. கோவம் வருதா இல்லியா?"

போதும்பொண்ணு ஆட்டின் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மொத நாளே தெரியும்டி."

"தெரிஞ்சுக்கிட்டுமா?"

"மூணு வருசமா எம் பேரை ஒருத்தி சொல்லல. ஒங்கம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டா பாரு, பொய்யாத்தான் கூப்பிட்டா, எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு. பசிச்சவளுக்குத் திருட்டுச் சோறும் செரிக்கும்."

"நாளைக்கு என்ன பண்ணுவே?"

முள் வந்தது. அதை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அந்தப் பிள்ளைய நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். அழுகதான் வருது. கோவம் வரமாட்டேங்குது. எண்ணெயத் தேச்சுத் தேச்சு எம் மண்டைக்குள்ள இருந்ததையெல்லாம் உருவிட்டாளுகடி."

கௌசிகா தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். அவளுடைய சாதி, அவள் புருசன், அவள் வயிறு எதையும் விடவில்லை. போதும்பொண்ணு அவள் கன்னத்தை ஆட்டு வாசம் அடிக்கும் கையால் தடவி, "ஒனக்கு என்ன அவசரமோ, பாவம்," என்றாள். கௌசிகா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசில் நிற்க இடம் இல்லை. கோர்ட்டிலிருந்து வந்த குமாஸ்தா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார், பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். போதும்பொண்ணு புதுச் சேலையில், தலை கொள்ளாத கனகாம்பரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கையை இருளாயி தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்திருந்தாள். திரையில் நீதிபதியின் முகம் ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது, வாய் ஒருபக்கம், கண்ணாடி ஒருபக்கம். வட்டம் சுற்றியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கேக்குதா அய்யா?" என்று குமாஸ்தா பத்துத் தடவை கேட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிசம் பாப்போம். இல்லேன்னா தொடர்பு கெடைக்கல, சாட்சிய விசாரிக்க முடியலன்னு எழுதிக் கொண்டுபோயிருவேன்."

போதும்பொண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிணற்றில் மிதந்த தன் குட்டியை நினைத்தாள், முள்ளை நினைத்தாள், மறித்த பாதையை நினைத்தாள். இருளாயியின் கை சூடாக இருந்தது. ஒன்றும் வரவில்லை.

குமாஸ்தா நேரம் வீணாகவேண்டாமே என்று தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வழக்கு எண்ணை எழுதினார், தேதியை எழுதினார், பிறகு பேனாவோடு நிமிர்ந்தார். "கேஸ் கட்டு ஜீப்புல இருக்கு. செத்துப்போனவங்க பேரு என்ன?"

எல்லாரும் தவசியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"கரும்பு வெட்ட வந்த பொம்பள," என்றார் தவசி.

"அது சரிங்க. பேரு?"

தவசி சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். "செல்வியோ என்னமோ," என்றது ஒரு குரல். "வள்ளின்னு கூப்பிட்டாப்பல ஞாபகம்," என்றது இன்னொன்று. அந்த ஆபீசிலும் வெளி வராண்டாவிலும் முற்றத்திலும் நின்ற முந்நூறு பேரும் மூன்று வருசமாக அந்தச் சாவைப் பற்றியே பேசியவர்கள்.

இருளாயி போதும்பொண்ணுவின் கையைத் தட்டிக்கொடுத்தபடி, நல்ல மனசோடுதான் சொன்னாள்: "விடுங்க சார். போனவ பேருல இப்ப என்ன இருக்கு? ஏதாச்சும் ஒரு பேரைப் போட்டுக்கிருங்க."

போதும்பொண்ணு கண்ணைத் திறந்தாள். கையை உருவிக்கொண்டாள். கத்தவில்லை, சபிக்கவில்லை, தொரட்டியைத் தேடவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மரகதம்."

திரையில் நீதிபதியின் முகம் ஒன்றுகூடியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசிவரை தெரிந்தது. அந்த வேகம் ஆபீசைத் தாண்டியது, கூப்பிடு தூரத்தைத் தாண்டியது, கண்மாயைத் தாண்டியது, மூன்று கரட்டையும் ஏறி இறங்கி அந்தப்பக்கத்து ஊர்களுக்கும் மெயின்ரோட்டில் போன பஸ்ஸுக்குள்ளும் போனது. எத்தனையோ வருசமாக வந்துசேராமல் நின்றிருந்த சேதிகளெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழ, சட்டைப்பைகளும் இடுப்புச் செருகல்களும் அதிர்ந்தன. செத்துப்போனவர்கள் அனுப்பிய பொங்கல் வாழ்த்துகூட வந்தது. வீட்டு மொட்டைமாடியில் கௌசிகா ஐந்து கல்லூரியின் பெயரையும் பதிந்து முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப கேக்குதாம்மா?" என்றார் நீதிபதி.

"கேக்குதுய்யா."

ஒரு மணி நேரம் பேசினாள். திரையில் செல்லாண்டியின் வக்கீல், "நீங்க நின்ன எடத்துக்கும் டிராக்டருக்கும் எவ்வளவு தூரம்?" என்று மடக்கினார்.

"ஒரு கூப்பிடு தூரம்."

"அதை எப்படி அவ்வளவு கரெக்டாச் சொல்றீங்க?"

"அவ கூப்பிட்டாய்யா. மொதத் தடவை ஏத்துனப்ப, வரப்புல என்னையப் பாத்துட்டு 'யக்கா'ன்னு கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. நான் ஓடிப்போறதுக்குள்ள பின்னால எடுத்துட்டான்."

வக்கீல் தாள்களை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

செல்லாண்டிக்கு ஆயுள் தண்டனை ஆனது. ஊர் அன்றைக்கு அவள் குடிசையைக் கொளுத்தும் என்றுதான் பெண் போலீஸ் காவலுக்கு வந்தாள். யாரும் கொளுத்தவில்லை. ஏனென்றால் நெட் நின்றபாடில்லை. சாட்சி சொன்ன அன்றைக்குப் பிடித்த கோபம் போதும்பொண்ணுவுக்குத் தணியவே இல்லை. அது கத்துகிற கோபம் இல்லை, ஆடு மேய்க்கையிலும் கஞ்சி குடிக்கையிலும் தூங்கையிலும் உள்ளே ஒரே சீராக எரிகிற கோபம். ஊமைக்கரட்டில் வீட்டுக்கு வீடு, அடுப்படிக்கு அடுப்படி வேகம் இருந்தது. டவுனிலிருந்து வேலையை விட்டுவிட்டுப் பையன்கள் வந்து வீட்டிலிருந்தே சம்பாதித்தார்கள், சங்கிலி கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தான், கௌசிகா நர்சிங் சேர்ந்தாள். யாரும் அவள் பின்னால் போகவேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் அவளோடு பேசினார்கள். இப்போது நடிப்பு இல்லை, மரியாதையாகவே பேசினார்கள், எதிரே வந்தால் செருப்பைக்கூடக் கழற்றினார்கள். அவள்தான் பேசவில்லை. குழாயடியில் வழிவிட்டால் வாங்கிக்கொண்டாள், பஸ் நின்றால் ஏறிக்கொண்டாள், ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்கவில்லை. இருளாயி மாரியம்மன் கோயிலில் நெய்விளக்கு ஏற்றி வேண்டிக்கொண்டாள்: தாயே, எங்களை அவ மன்னிச்சுறக்கூடாது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து வெளியூர்ப் பெண் ஒருத்தி துணிப்பையோடு இறங்கினாள். போதும்பொண்ணு வீடு எது என்று கேட்டாள். மரகதத்தின் அக்கா என்றும், பெயர் ஏகவல்லி என்றும், தீர்ப்பு வந்ததைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்ததாகவும் சொன்னாள். சங்கிலிதான் கையை நீட்டிக் காட்டினான். காட்டிவிட்டு மெஷினைப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அன்றைக்கு முழுக்கச் சுற்றியது. மறுநாளும் சுற்றியது. குடிசைக்குள் இரண்டு பெண்களும் மூன்று வருசத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள், பேச்சுக்கு நடுவே மீன் பொரிந்தது, அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு தெருவில் நின்றார்கள். எப்போது கிளம்புவாளாம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். முள்ளெடுத்துப் போட ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தவசி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தனியாகப் போனார். போதும்பொண்ணு படலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏகவல்லிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஊருல எல்லாருக்கும் வேல கெட்டுப் போச்சு. ஒரு வார்த்த எங்களைத் திட்டிட்டா..."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள், எழுந்து வந்தாள், அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். தவசி கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் கோபமே இல்லாமல் படலைச் சாத்தினாள்.